ஜாக்கி ஏறுச்சு... கார் ஏறலை!

2025 அக்டோபர்ல ஒரு வெள்ளிக்கிழமை. காலையில ஆறே கால் மணி. தூத்துக்குடி பாளை ரோட்டுல, மூணாவது மைலுக்குக் கொஞ்சம் முன்னாடி, எங்க வீட்டு மாருதி 800 பஞ்சர். பின் சீட்டுல ஆச்சி. ஏழு மணிக்கு ஆச்சிக்கு டயாலிசிஸ். வாரத்துக்கு ரெண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும். லேட்டா போனா அன்னிக்கு வரிசையே கலைஞ்சு போகும்.

அப்பா பதறவே இல்லை. ஸ்டெப்னியை எடுத்தார், ஜாக்கியை வெச்சார், சுத்தினார். ஜாக்கி ஏறுது... கார் ஏறலை! 'மொறுக்... மொறுக்'னு முறுக்கு கடிக்கிற மாதிரி ஒரு சத்தம். குனிஞ்சு பார்த்தா, ஜாக்கி காரோட அடித் தகட்டைப் பொத்துக்கிட்டு நாலு விரல் உள்ளே போயிருக்கு. ரோட்டுல செம்மண் மாதிரி துருத் தூள் குவிஞ்சு கிடக்கு. ஆச்சி கண்ணாடியை இறக்கி, "என்னடே, மாவு சலிக்கியா?"ன்னு கேட்டாங்க. அப்பா சிரிக்கலை.

ஆச்சியை ஒரு ஆட்டோவுல ஏத்தி அம்மாவோட அனுப்பிட்டு, நானும் அப்பாவும் காரைப் பார்த்துக்கிட்டே நின்னோம். அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுல ஆரம்பிச்ச பட்டிமன்றம் ரெண்டு மாசம் ஓடுச்சு. தலைப்பு: ரிப்பேரா... விற்பனையா?

நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். எங்க கிளாஸ்ல அறுபது பேர்ல மூணே பொண்ணுங்க, அதுல ஒருத்தி நான். தெர்மோடைனமிக்ஸ்ல நல்ல மார்க். ஆனா அந்த அக்டோபர் வரைக்கும் எங்க வீட்டுக் காரோட பானெட்டை ஒரு தடவைகூட நான் திறந்தது இல்லை. இதைச் சொல்ல வெட்கமாத்தான் இருக்கு. உங்க கிளாஸ்லயும் கையைத் தூக்கச் சொன்னா பாதிப் பேரு என் கட்சிதான்னு ஒரு நம்பிக்கையில சொல்லிட்டேன்.

முதல்ல காரோட பயோடேட்டா. 2006 பிப்ரவரியில டிஎன் 69 நம்பர்ல பதிவானது. 2012ல 95 ஆயிரத்துக்கு செகண்ட் ஹேண்டா அப்பா வாங்கினார். 796 சிசி, மூணு சிலிண்டர், எடை சுமார் 650 கிலோ. 1983 டிசம்பர்ல டெல்லியில முதல் காரோட சாவியை இந்திரா காந்தி கையால கொடுத்து ஆரம்பிச்ச மாடல், 2014 ஜனவரியில உற்பத்தி நின்னுது. அதுக்குள்ள 25 லட்சத்துக்கு மேல இந்திய ரோட்டுல இறங்கிடுச்சு. அதே 796 சிசி குடும்பத்து இன்ஜின் ஆல்டோவுலயும் ஆம்னியிலயும் ஓடினதால, கார் நின்னு இத்தனை வருஷம் ஆகியும் இன்ஜின் சாமானுக்குப் பஞ்சம் இல்லை. எங்க இன்ஜின் அன்னிக்கும் ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆச்சு.

இன்ஜின் நல்லா இருக்கு. உடம்புதான் போச்சு. ஏன்?

அப்பாவுக்கு உப்பளத்துல கணக்கப்பிள்ளை வேலை. அதாவது இந்தக் கார் பதிமூணு வருஷம் பாத்திகளுக்கு நடுவுல, வரப்பு ஓரமா, உப்புக் காத்துல நின்ன கார். கெமிஸ்ட்ரி லேப்ல படிச்சதை இங்கே கண்ணால பார்த்தேன். இரும்பு துருப்பிடிக்கத் தண்ணியும் ஆக்ஸிஜனும் போதும். உப்பு என்ன பண்ணுதுன்னா, அந்தத் தண்ணியைக் கரண்ட் கடத்துற திரவமா மாத்தி வேலையை வேகப்படுத்துது. இன்னொரு குசும்பும் பண்ணும். காத்துல ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினாலே சமையல் உப்பு தானா ஈரத்தை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். கடல் உப்புல கலந்திருக்கிற மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். தூத்துக்குடியில ஈரப்பதம் 33க்குக் கீழே இறங்குற நாள் எத்தனை இருக்கும்? ஆக, மழையே பெய்யாட்டியும் காரோட அடிப்பக்கம் எப்பவும் ஈரம்தான்.

இதுக்கு மேல 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. கோரம்பள்ளம் குளம் உடைஞ்சு ஊருக்குள்ள தண்ணி. நாங்க இருக்கிறது முத்தம்மாள் காலனிப் பக்கம். சீட் உயரத்துக்கு நின்ன தண்ணி வடிய நாள் கணக்கா ஆச்சு. வடிஞ்சதும் பக்கத்து வீட்டு அண்ணாச்சி தன்னோட காரை ஆர்வக் கோளாறுல ஸ்டார்ட் பண்ணிட்டார். சிலிண்டருக்குள்ள புகுந்த தண்ணியைப் பிஸ்டனால அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைஞ்சு இன்ஜின் காலி! எங்க அப்பாவுக்கு மெக்கானிக் அண்ணாச்சி போன்லயே கத்திட்டார்: "சாவியைத் தொடாதீங்க. பேட்டரி வயரைக் கழட்டிட்டு உக்காருங்க." அதனால இன்ஜின் பிழைச்சது. ஆயில், ஃபில்டர், பிரேக், சீட்டுன்னு 14 ஆயிரம் செலவாச்சு. எங்ககிட்ட இருந்தது மூணாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும்தான். வெள்ளச் சேதத்துக்கு அதுல ஒரு பைசா கிடையாது. அது முழு இன்ஷூரன்ஸ் எடுத்தவங்களுக்குத்தான்.

செலவு பண்ணி எல்லாம் சரி பண்ணினோம். மேட்டுக்கு அடியில நின்ன சேத்துத் தண்ணியை மட்டும் யாரும் பார்க்கலை. ரெண்டு வருஷமா அது பொறுமையா வேலை பார்த்திருக்கு!

அடுத்த நாள் எட்டயபுரம் ரோட்டுல இருக்கிற மெக்கானிக் ஷெட்டுக்குக் கொண்டு போனோம். அண்ணாச்சி மேட்டைத் தூக்கிட்டு ஸ்க்ரூடிரைவர் பின்பக்கத்தால தட்டிக்கிட்டே வந்தார். 'டங்... டங்... டப்... டப்.' 'டங்' வர்ற இடம் தகடு. 'டப்' வர்ற இடம் வெறும் துரு. டிரைவர் சீட் போல்ட்டுகிட்ட நாலு தடவை 'டப்'.

"பாப்பா, நீ இன்ஜினீயருக்குப் படிக்கல்ல? லாரிக்குச் சட்டம் இருக்கும்லா, இதுக்கு எங்கே இருக்கு சொல்லு?"ன்னார். முழிச்சேன். பிறகுதான் உறைச்சது. லாரியில சேஸிஸ் தனி, பாடி தனி. இந்தக் காருக்குத் தனி சேஸிஸே கிடையாது. ஃப்ளோர், ரன்னிங் போர்டு, தூண், கூரை எல்லாம் சேர்ந்துதான் எலும்புக்கூடு. சீட்டும் பெல்ட்டும் கடைசியில இந்தத் தகட்டைப் பிடிச்சுத்தான் நிக்குது. அது போச்சுன்னா மோதல்ல பெல்ட்டு உங்களைப் பிடிக்கும். பெல்ட்டைப் பிடிக்க ஒண்ணும் இருக்காது. 'மோனோகாக்'னு ரெண்டு மார்க் கேள்விக்கு மூணு தடவை பதில் எழுதியிருக்கேன். ஒருதடவைகூட ஆச்சி உக்கார்ற சீட்டு ஞாபகம் வந்தது இல்லை.

அண்ணாச்சி போட்ட எஸ்டிமேட்: ரெண்டு பக்கமும் அடித் தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் 22 ஆயிரம். அடிப்பூச்சு, பெயின்ட் 5 ஆயிரம். கிளட்ச் 4,800. ரெண்டு டயர் 5,200. பேட்டரி 3,600. மொத்தம் 40,600. "நம்ம ஊரு காத்துக்கு மூணு வருசம் நிக்கும். அதுக்கு மேல என்கிட்ட வாக்குக் கேக்காதீங்க"ன்னும் சொல்லிட்டார்.

இதோட ஆர்சி. சொந்தக் காருக்குப் பதிவு 15 வருஷம். பிறகு அஞ்சு அஞ்சு வருஷமா புதுப்பிக்கணும். 2021ல நாங்க புதுப்பிச்சப்போ கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரல் 1ல இருந்து அது 5 ஆயிரம் ஆச்சு. 2025 ஆகஸ்ட்ல, 20 வயசு தாண்டின காருக்கு 10 ஆயிரம்னு மத்திய அரசு அறிவிச்சது. எங்க காருக்கு 2026 பிப்ரவரியில இருபது! டெல்லியில பழைய காருக்கு நடக்கிற கெடுபிடியைப் பார்த்துட்டு, '15 வருஷம் ஆனா காரைப் பிடுங்கிருவாங்க'ன்னு பல பேர் இங்கேயும் பயப்படுறாங்க. அந்த வயசு வரம்பு டெல்லி சுத்துவட்டாரத்துக்குப் போட்டது. நம்ம ஊர்ல கார் சோதனையில தேறி, கட்டணமும் பசுமை வரியும் கட்டினா ஓட்டலாம். கிளறினா இன்னும் செலவு வரும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய வண்டிகள்ல சில ரப்பர் பாகங்களை 20, 30 ஆயிரம் கிலோமீட்டர்ல மாத்த வேண்டி வரலாம்னு பெட்ரோலிய அமைச்சகமே 2025ல சொல்லியிருக்கு.

இனி கணக்கு. பன்னீர்செல்வம் எழுதின 'இன்ஜினீயரிங் எகனாமிக்ஸ்' புத்தகத்தைப் பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் திறந்த ஆள் நான். இப்போ நிஜமாவே படிச்சேன். பழைய மெஷினை வெச்சுக்கிறதா, மாத்துறதா? இதுக்கு ஒரு முறையே இருக்கு. கையில இருக்கிறது 'டிஃபெண்டர்'. அதோட இடத்தைப் பிடிக்க வர்றது 'சாலஞ்சர்'. ஒரே ஒரு விதி மனசைக் கொஞ்சம் வலிக்க வைக்கும். இதுவரைக்கும் போட்ட பணத்தைக் கணக்குல சேர்க்கவே கூடாது. 95 ஆயிரத்துக்கு வாங்கினதும், வெள்ளத்துக்கு 14 ஆயிரம் கொட்டினதும் போனது போனதுதான். இன்னிக்கு வித்தா என்ன கிடைக்கும், இனிமே என்ன செலவாகும்? இது ரெண்டுதான் பேச்சு.

அப்பாகிட்ட இதைச் சொன்னேன். "உன் புஸ்தகம் எழுதுனவரு கார் வெச்சிருந்தாராமா?"ன்னு கேட்டார்.

டிஃபெண்டர்: ரிப்பேரும் ஆர்சியும் சேர்த்து 50,600. மூணு வருஷத்துக்குப் பிரிச்சா மாசம் 1,400. மாசம் 400 கிலோமீட்டர் ஓடும், லிட்டருக்கு 15 கொடுக்கும். பெட்ரோல் 2,700. சர்வீஸ் 500. 1000 சிசிக்கு உட்பட்ட காருக்கு மூணாம் நபர் இன்ஷூரன்ஸ் 2022ல நிர்ணயிச்சபடி வருஷத்துக்கு 2,094, அதாவது மாசம் 175. அப்புறம் இருக்கிற நிலையிலேயே வித்தா கிடைக்கிற பணத்தை விட்டுக் கொடுக்கிறோமே, அதுவும் செலவுதான். கடைசியில பழைய இரும்புக்குக் கிடைக்கிறதைக் கழிச்சா, மாசம் ஏறக்குறைய 5 ஆயிரம். (வட்டியைச் சேர்க்கலை. எகனாமிக்ஸ் சார் மன்னிக்கணும்.)

சாலஞ்சர்னு நாங்க முதல்ல நினைச்சது 2014 மாடல் ஆல்டோ. விலை 1 லட்சத்து 90 ஆயிரம். ஒன்றரை லட்சம் லோன் போட்டா 15 சதவீத வட்டியில மூணு வருஷத்துக்கு மாசத் தவணை மட்டும் 5,200. பெட்ரோல் தனி. 2025 செப்டம்பர் 22ல சின்னக் காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமா குறைஞ்சதைச் சொல்லிப் பேரம் பேசிப் பார்த்தோம். கொஞ்சம் இறங்கி வந்தாங்க. எங்க பட்ஜெட் அளவுக்கு இறங்கலை.

அப்போதான் மண்டையில அடிச்ச மாதிரி ஒண்ணு தோணுச்சு. காருக்குச் சாலஞ்சர் காராத்தான் இருக்கணும்னு யார் சொன்னா? அன்னிக்குப் பஞ்சர் ஆனப்போ ஆச்சி எதுல போனாங்க? ஆட்டோவுல! போக 150, வர 150. வாரம் ரெண்டு நாள். மாசம் 2,600 ரூபாய். கல்யாணம் காட்சிக்கு எப்பவாவது டாக்ஸி எடுக்க ஆயிரத்தை ஒதுக்கினாலும் 3,600. அப்பாவுக்கு உப்பளம் போக பைக் இருக்கு. அப்போ இந்தக் காரை நாங்க எதுக்கு வெச்சிருக்கோம்?

அம்மா ஒரே வரியில மடக்கினாங்க. "ராத்திரி ரெண்டு மணிக்கு அவங்களுக்கு மூச்சு முட்டுனா உன் எக்செல் ஷீட்டு வந்து கூட்டிட்டுப் போகுமா?"

நியாயமான கேள்வி. 108 இருக்குன்னு சொன்னேன். அந்த 2023 ராத்திரியில காரே தண்ணிக்குள்ளதான் கிடந்ததுன்னும் சொன்னேன். அம்மா பதில் பேசலை. ஆனா ஒத்துக்கவும் இல்லை. கடைசியில தெரு முனையில இருக்கிற ஆட்டோ அண்ணன்கிட்ட அம்மாவே போய்ப் பேசினாங்க. செவ்வாய், வெள்ளி நிரந்தர சவாரி. அவசரம்னா எந்நேரமும் போன் பண்ணலாம். அந்தப் பேச்சு முடிஞ்ச அன்னிக்குத்தான் எங்க வீட்டுல 'விற்பனை' கட்சிக்கு மெஜாரிட்டி.

ஆனா எப்படி விக்கிறது?

இங்கேதான் மேட்டரே. ஒரு புரோக்கர் வந்தார். காரைச் சுத்தி வந்து, மேட்டைத் தூக்கிப் பார்த்து, அப்படியே கீழே விட்டார். "அண்ணாச்சி, அடியில ரெண்டு கோட்டு தார் அடிச்சு விட்டுருவோம். புது மேட்டு விரிச்சா ஓட்டை எங்கே தெரியப் போகுது? மதுரைப் பார்ட்டி ஒண்ணு இருக்கு. முதல் கார் வாங்குற குடும்பம். 42 ஆயிரத்துக்கு முடிச்சுத் தாரேன்." இருக்கிறதைச் சொல்லி வித்தா எங்களுக்கு வந்த அதிகபட்ச விலை 24 ஆயிரம். நடுவுல 18 ஆயிரம். என்னோட ஒரு செமஸ்டர் ஃபீஸ்ல பாதிக்கு மேல.

உண்மையைச் சொல்லிடுறேன்... நான் சபலப்பட்டேன். 'எல்லாரும் பண்றதுதானே, வாங்குறவங்கதானே பார்த்து வாங்கணும்'னு மனசுக்குள்ள வக்கீல் வேலையெல்லாம் பார்த்தேன். அப்பா புரோக்கர்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "அந்தக் குடும்பத்துல பின் சீட்டுல யாரு உக்காருவா?" "ரெண்டு சின்னப் புள்ளைக இருக்கு அண்ணாச்சி." "சரி, நான் சொல்லி அனுப்புதேன்"னார். சொல்லி அனுப்பவே இல்லை.

இந்தத் தார் வித்தைக்கு நோபல் பரிசு வாங்கின விளக்கமே இருக்கு. ஜார்ஜ் அகெர்லாஃப்னு ஒரு அமெரிக்கப் பொருளாதார நிபுணர். 1970ல பழைய கார் சந்தையைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். அந்த ஊர்ல ஓட்டைக் காருக்குச் செல்லப் பெயர் 'லெமன்', அதான் எலுமிச்சை. காரோட நிஜ நிலவரம் விக்கிறவனுக்குத் தெரியும், வாங்குறவனுக்குத் தெரியாது. அதனால வாங்குறவன் எல்லாக் காரையும் சந்தேகப்பட்டு விலையைக் குறைப்பான். அந்த விலைக்கு நல்ல கார் வெச்சிருக்கிறவன் விக்க மாட்டான். சந்தையில எலுமிச்சைகளா மிஞ்சும். மூணு பத்திரிகைகள் திருப்பி அனுப்பின அந்தக் கட்டுரை 2001ல அவரை நோபல் மேடை வரைக்கும் கூட்டிட்டுப் போச்சு. நம்ம 24 ஆயிரமும் அந்தக் கணக்குலதான் வந்ததுன்னு நினைக்கிறேன். உண்மையைச் சொல்றவனோட காரும், 'இவன் இன்னும் என்னத்தை மறைக்கிறானோ'ங்கிற பார்வையிலதான் எடை போடப்படுது.

நீங்க யாராவது கடலோர ஊர்ல பழைய கார் வாங்கப் போறீங்கன்னா, பெயின்ட் பளபளப்பைப் பார்க்காதீங்க பாஸ். மேட்டைத் தூக்குங்க. சீட் தண்டவாளத்து போல்ட்டுகிட்ட தட்டிப் பாருங்க. சீட் பெல்ட்டை முழுசா வெளியே இழுங்க. கடைசி ஒரு முழத்துல சேத்துக் கறை இருந்தா அந்தக் கார் குளத்துல குளிச்ச கார். பழைய காரோட அடியில மட்டும் புத்தம்புது தார் மினுங்கினா, அங்கேயே டாட்டா காட்டிட்டு வந்துடுங்க.

நாங்க யாருக்கு வித்தோம்? அதே மெக்கானிக் ஷெட்டுல வேலை பார்க்கிற ஒரு அண்ணனுக்கு. வயசு இருபத்தி நாலு. ஐடிஐ வெல்டர். 24 ஆயிரம், ரெண்டு தவணை. எங்க கணக்குல தோத்த கார் அவர் கணக்குல எப்படி ஜெயிச்சதுன்னு கேட்டேன். சிரிச்சார். "உங்களுக்கு வெல்டிங் 22 ஆயிரம். எனக்குத் தகடும் ராடும் சேர்த்து ஆறாயிரம். மிச்சமெல்லாம் என் ஞாயித்துக்கிழமைதானே தங்கச்சி." புத்தகத்துல இந்த இடத்துக்கு ஒரு அட்டவணை போடலை. ஒரே கார், ஒரே ஓட்டை. கைவேலை யாரோடதுங்கிறதைப் பொறுத்து விடையே மாறுது!

அவங்க அப்பா ஓடாவி. பழைய துறைமுகத்துல தோணி வேலை. மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் சரக்கு ஏத்திப் போற மரத் தோணிகளைக் கரையேத்தி, இத்துப்போன பலகையைக் கழட்டிப் புதுசு வெச்சு, இடுக்குல பஞ்சைத் திணிச்சுக் கலப்பத்து பார்க்கிற குடும்பம். "அப்பா ஒரு தோணியைப் பார்த்ததும் பலகையை எண்ண மாட்டாரு. ஏராவைத்தான் பாப்பாரு. ஏரா நல்லாருந்தா மிச்சத்தை மாத்திக்கலாம்"னார். ஏரான்னா தோணியோட அடிமரம். கொற்கையில துறைமுகம் தூர்ந்து போனப்போ கப்பல்காரங்க காயலுக்கும், பிறகு தூத்துக்குடிக்கும் இடம் மாறினாங்க. இன்னிக்குக் கொற்கைக்குப் போனா கடலே கண்ணுக்குத் தெரியாது, தாமிரபரணி வண்டல் அத்தனை தூரம் தள்ளி விட்டிருக்கு. தூர் வாரினா போதும்னு அப்பவும் யாராவது சொல்லிக்கிட்டு இருந்திருப்பாங்களோ? சும்மா தோணுச்சு.

ஃபார்ம் 29, 30 ரெண்டுலயும் கையெழுத்துப் போட்டு, 14 நாளுக்குள்ள பெயர் மாத்தினோம். 'தெரிஞ்ச பையன்தானே, மெதுவா மாத்திக்கலாம்'னு அம்மா சொன்னதுக்கு மட்டும் நான் ஒத்துக்கலை. 2018ல நவீன்குமார் வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லியிருக்கு. வண்டி எத்தனை கை மாறினாலும், ஆர்சியில யார் பேரு இருக்கோ அவர்தான் விபத்துக்குப் பொறுப்பு. பாசம் வேற, ஃபார்ம் வேற.

டிசம்பர்ல கார் போச்சு. செவ்வாய்க்கிழமை ஆட்டோவுல போய்ட்டு வந்த ஆச்சி, "அந்தப் பையன் வண்டியில பழைய பாட்டாப் போடுதான், நம்ம காருல ரேடியோவே ஓடாதே"ன்னு அப்பா முகத்துக்கு நேரா சொன்னாங்க. அப்பா வீட்டு முன்னாடி காலியா கிடந்த இடத்துல பைக்கை நடுவுல நிறுத்திப் பார்த்தார். ஓரமா நிறுத்திப் பார்த்தார். மறுபடி நடுவுக்கே கொண்டு வந்தார்.

பொங்கல் லீவுல ஷெட்டுப் பக்கம் போனேன். கார் நாலு ஸ்டாண்டு மேல நிக்குது. சீட் இல்லை, மேட் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தா தரை தெரியுது, தரையில ஒரு பூனை தூங்குது. பாதி ஃப்ளோரை வெட்டி எடுத்துட்டார். ஆர்சி முடிஞ்சா ரோட்டுல இறக்கக் கூடாது. அதனால முழு வேலையும் முடிச்சுப் புதுப்பிச்ச பிறகுதான் வெளியே எடுப்பாராம். மூலையில வெட்டிப் போட்ட பழைய தகட்டைக் கையில எடுத்தேன். அப்பளம் மாதிரி ஒடிஞ்சுது.

"சும்மா பாத்துட்டு நிக்காதீங்க தங்கச்சி. அந்தக் கண்ணாடியை மாட்டுங்க, கையுறை அங்கே இருக்கு"ன்னு சொல்லி கிரைண்டரை என் பக்கம் நீட்டினார் அண்ணன். "ஓரத்துல இருக்கிற துருவை மட்டும் எடுங்க. பளபளன்னு வெள்ளைத் தகடு தெரியுற வரைக்கும். அமுக்காதீங்க, அதுவே போகும்."